ஏழு கல் தோட்டின் சீட்டு

போன வாரம் என் தோட்டைக் கழற்றிக் கொண்டுபோய் அடகு வைத்துவிட்டு வந்தேன். பதறாதீர்கள், சோற்றுக்கு வழியில்லாமல் இல்லை. கண்ணில் புரை. ஈப்போ ஆஸ்பத்திரியில் நாள் கொடுத்திருக்கிறார்கள். நகை நட்டோடு வராதீர்கள் என்று தாளில் அச்சடித்தே கையில் திணித்துவிட்டார்கள். மகன் சிங்கப்பூரில் இருக்கிறான், மகள் அதையும் தாண்டி. எட்டாவது மாடியில் ஒற்றை ஆளாக இருக்கிறவள் தோட்டை எங்கே வைப்பாள்? அரிசி டின்னில் வைக்கலாம் என்றால், கள்ளன் முதலில் கையை விடுவதே அரிசி டின்னில்தான். நம் வயதுக்காரர்கள் எல்லாருக்கும் தெரிந்த உபாயம் ஒன்று இருக்கிறதல்லவா, பத்திரத்துக்குப் பஜாக் கடை. அடகுக் கடையை நாம் அப்படித்தானே சொல்லுவோம்.

கடை இப்போது பழைய மாதிரி இல்லை. குளுகுளு அறை, நம்பர் எடுத்துவிட்டு உட்கார நாற்காலி. முக்காடு போட்ட ஒரு மலாய்ப் பெண் தோட்டை வாங்கி ஒரு பெட்டிக்குள் வைத்து மூடினாள். மாற்று எவ்வளவு என்று திரையில் வந்துவிட்டது. கல்லில் உரைக்கவும் இல்லை, திராவகம் விடவும் இல்லை.

"எவ்வளவு வேணும், மக்சிக்?" என்று மலாயில் பெரியம்மா முறை வைத்துக் கேட்டாள்.

"உங்கள் கடை எவ்வளவு தருமோ அவ்வளவும்" என்றேன்.

"கூட வாங்கினால் வைப்புக் கூலியும் கூடுமே."

"கூடட்டும்."

பேராசைக் கிழவி என்று நினைத்திருப்பாள். நினைக்கட்டும். வீட்டுக்கு வந்து துடைப்பத்திலிருந்து ஓர் ஈர்க்கை உருவி, இரண்டு துண்டாக ஒடித்து, காதுத் துளைக்கொன்றாகச் செருகிக்கொண்டேன். தோடு இல்லாத காது தூர்ந்துபோகாமலிருக்க நம் பெண்கள் காலங்காலமாகச் செய்வதுதான். கண்ணாடியைப் பார்த்தேன். அம்மா நின்றுகொண்டிருந்தார்.

அதனால்தான் இதை உங்களிடம் சொல்கிறேன். நீங்களும் ரப்பர் தோட்டத்து லயத்தில் வளர்ந்தவர்கள். சுவருக்கு இந்தப் பக்கம் இருமினால் அந்தப் பக்கம் கசாயம் வைப்பார்கள். அப்படிப்பட்ட இடத்தில் ஒரு பிள்ளை தனியாக இருக்க முடியுமா என்று கேட்காதீர்கள். முடியும். என் பத்து வயதில் ஆறு மாதம் அப்படி இருந்தேன்.

அந்த வருடம் அம்மாவுக்குப் பிறந்த தம்பி ஒன்பது நாள்தான் இருந்தான். அதற்குப் பிறகு அம்மா பேசுவதைக் குறைத்துக்கொண்டார். பிறகு நிறுத்திக்கொண்டார். விடியலில் பிரட்டில் ஆள் கணக்குக்குப் பேர் கொடுக்கப் போகிறவர், பொதுக் குழாயடியில் வாளியை வைத்து, அது நிரம்பி வழிந்து ரோட்டுச் சடக்குவரை தண்ணீர் ஓடும்வரை பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார். சோறு பொங்கி வழியும், பார்த்துக்கொண்டிருப்பார். அப்பா தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிரஸ்ஸரிடம் கூட்டிப்போனார், பூசாரியிடம் கூட்டிப்போனார், கடைசியில் தஞ்சோங் ரம்புத்தான் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்.

அந்த ஊர்ப் பெயரை வைத்து நாமெல்லாம் எப்படிக் கேலி செய்வோம் என்று உங்களுக்குத் தெரியும். நானும் செய்தவள்தான். அம்மா போன மறுநாள் பள்ளியில் என் பக்கத்தில் உட்காரும் பெண் தன் பையை எடுத்துக்கொண்டு அடுத்த பெஞ்சுக்குப் போய்விட்டாள். யாரும் அவளைப் போகச் சொல்லவில்லை.

அம்மாவின் தோட்டை ஆஸ்பத்திரியில் கழற்றி அப்பா கையில் கொடுத்துவிட்டார்கள். ஏழு கல் தோடு, கல்யாணத்துக்குப் போட்டுக்கொண்டு வந்தது. வலது தோட்டில் ஒரு கல் மட்டும் மங்கல். எப்போதோ விழுந்து, மாற்றி வைத்த கல். அம்மா என்னை மடியில் போட்டுப் பேன் பார்க்கும்போது அந்த மங்கல் கல்லைத்தான் நான் பார்த்துக்கொண்டிருப்பேன். அப்பா அதைக் கைக்குட்டையில் முடிந்து, சட்டைப்பைக்கு ஊக்குப் போட்டு, என்னைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறி ஈப்போவுக்குப் போனார்.

அந்தக் காலத்துப் பஜாக் கடையின் மேடை நினைவிருக்கிறதா? பெரிய ஆளே அண்ணாந்துதான் பார்க்க வேண்டும். மேலே கம்பி. எனக்குப் பலகையின் அடிப்பக்கம்தான் தெரிந்தது. யாரோ ஒட்டிய சுவிங்கம் காய்ந்து கறுத்திருந்தது. ஊதுவத்தி வாசனை, அதற்குள் காரமாக ஏதோ ஒரு திராவக நெடி. நான் பின்னால் தள்ளி வாசலருகே போய் நின்றபோதுதான் கடை முதலாளியான சீனத் தவுக்கேயின் முகம் தெரிந்தது. ஒரு கண்ணில் கறுப்புக் குழாய் மாதிரி ஒரு கண்ணாடி. தோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கறுப்புக் கல்லில் ஒரு கோடு இழுத்து, அதன்மேல் ஒரு சொட்டு விட்டார். சின்னத் தராசில் வைத்தார். "பாத்து தா லாக்கு" என்றார். கல்லுக்கு விலை கிடையாதாம். ஏழு கல்லின் எடையையும் கழித்துவிட்டு, மிச்சத் தங்கத்துக்குத்தான் கணக்கு. எனக்குக் கோபம் வந்தது. அம்மாவின் தோட்டில் எனக்குத் தெரிந்ததே கல்தான்.

தவுக்கே ஒரு தொகை சொன்னார். அப்பா தலையை ஆட்டினார். பேரம் பேசுகிறார் என்று நினைத்துத் தவுக்கே இன்னும் கொஞ்சம் ஏற்றினார். அப்பா மறுபடியும் தலையை ஆட்டினார்.

"சிக்கிட் சாஜா, தவுக்கே. சிக்கிட்."

கொஞ்சம் போதும், கொஞ்சம் போதும் என்று கெஞ்சினார். தவுக்கே கண்ணிலிருந்த குழாயை எடுத்துவிட்டு அப்பாவைப் பார்த்தார். எல்லாரும் கூடக் கேட்பார்கள், நீ குறைத்துக் கேட்கிறாயே, கூட வாங்கிக்கொள், உனக்குத்தான் நல்லது என்று மலாயில் சொன்னார். அப்பா சிரித்துக்கொண்டே மறுத்துவிட்டார். அப்பாவின் கணக்கு அவருக்கு. குறைத்து வாங்கினால் வட்டி குறைவு, மீட்பது சுலபம். பணம் அவருக்குத் தேவையே இல்லை. அவருக்கு வேண்டியது தவுக்கேயின் இரும்புப் பெட்டி. அதற்குக் காவல் கூலி மாதிரிதான் அந்த வட்டி.

இளஞ்சிவப்புத் தாள் ஒன்று கம்பிக்குக் கீழே வந்தது. கோழி கிளறியதுபோல் எழுத்து. ஆறு மாதக் கெடு. வெளியே வந்ததும் அப்பா அதை நான்காக மடித்தார்.

"அம்மா வர்ற அன்னிக்கு நேரா இங்க வந்து எடுத்து, இங்கயே போட்டுக் கூட்டிட்டுப் போவோம்" என்றார்.

அன்றிலிருந்து என் கணக்கில் தோடு வேறு, அம்மா வேறு இல்லை. சீட்டு சாமி படத்துக்குப் பின்னால் இருந்தது. பள்ளி விட்டு வந்ததும் ஸ்டூல் போட்டு ஏறி, இருக்கிறதா என்று பார்ப்பேன். இருக்கும். இறங்கிச் சோறு போட்டுக்கொள்வேன்.

மாதத்தில் ஒரு ஞாயிறு அப்பா அம்மாவைப் பார்க்கப் போவார். பிள்ளைகளை உள்ளே விடமாட்டார்கள் என்று நான் வாசல் மரத்தடியில் இருப்பேன். அப்பா வாங்கிக் கொடுத்துவிட்டுப் போன ஐஸ் கச்சாங் கரைந்து சிவப்புத் தண்ணீராகும்வரை வைத்திருப்பேன். தின்றுவிட்டால் வேறு வேலை இருக்காதே. மூன்றாவதோ நான்காவதோ தடவை, அப்பா அம்மாவை அந்த மரத்தடி வரைக்கும் நடத்திக் கூட்டிவந்தார். முடியைக் கட்டையாக வெட்டியிருந்தார்கள். இரண்டு காதிலும் ஈர்க்குச்சி.

"கூட்டுற தொடப்பத்துல ஒடிச்சேன்" என்றார் அம்மா, நான் காதைப் பார்ப்பதைப் பார்த்துவிட்டு. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு நான் கேட்ட குரல். "விழுந்துச்சின்னா வேற ஒடிச்சிப் போட்டுக்குவேன். தூந்துறக் கூடாதுல்ல. தோடு பத்திரமா இருக்கா?"

"பத்திரமா இருக்கும்மா. அடகுச் சூராட் நம்ம வீட்லதான் இருக்கு."

"நீ பாத்துக்க. ஒங்கப்பா மறதிக்காரரு."

அம்மா என்னிடம் ஒப்படைத்த முதல் பொறுப்பு அது. பஸ்ஸில் திரும்பி வரும்போது வழியெல்லாம் எனக்குச் சிரிப்பாக வந்தது.

பிறகு அத்தை வந்தாள். அப்பாவின் தங்கை, பாகான் டத்தோவில் தென்னந்தோப்புக்காரர்களிடம் வேலை செய்தவள். "பொட்டப்புள்ளைய தனியா விட்டுட்டு பால் வெட்டுக்குப் போறியேண்ணே" என்று மூட்டையோடு வந்து இறங்கிவிட்டாள். கைகாரி. வீடு வீடாயிற்று. எனக்கு இரட்டைப் பின்னல் போட்டாள். ஆனால் எனக்கு அவளைப் பிடிக்கவில்லை. அம்மாவின் முறத்தை எடுத்தாள், அம்மாவின் பாயில் படுத்தாள். யார் வந்தாலும் பிடித்திருக்காது.

ஒரு நாள் நான் பாடம் எழுதிக்கொண்டிருக்கும்போது அடுப்படியில் அத்தை பேசினாள்.

"அண்ணே, எம்மவளுக்குத் தை மாசம் கல்யாணம். அண்ணி வந்தாலும் அந்தத் தோட்டப் போட்டுக்கிட்டு எங்க போவப் போறாங்க? சும்மா கெடக்கறத எடுத்துக் குடுண்ணே. பொறவு நான் செஞ்சி தாரேன்லா."

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. தட்டு மங்கு கழுவுகிற சத்தம் மட்டும் கேட்டது. இன்றைக்கு யோசித்தால் தெரிகிறது, அப்பாவின் மௌனம் எப்போதுமே மறுப்புதான். பத்து வயதில் அது எனக்குச் சம்மதமாகக் கேட்டது.

மறுநாள் சீட்டை எடுத்து ஒளித்துவிட்டேன். எங்கே தெரியுமா? கணக்குப் புத்தகத்துக்குப் போட்டிருந்த பழுப்புத்தாள் அட்டைக்குள். சோற்றுப் பருக்கையைத் தேய்த்து விளிம்பை ஒட்டினேன். மேலே என் பெயர், வகுப்பு எல்லாம் என் கையெழுத்திலேயே இருந்தது. என்னைவிடப் பத்திரமான ஆள் உலகத்தில் இல்லை என்று நினைத்தேன். ஒன்றை மட்டும் மறந்துவிட்டேன். அவை பள்ளிக்கூடம் கொடுத்த இரவல் புத்தகங்கள். வருடக் கடைசியில் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

நவம்பரில் எனக்கு அம்மை போட்டது. வேப்பிலைப் படுக்கையில் கண் திறக்காமல் கிடந்தேன். பள்ளி மூடுகிற நாள் வந்தது. அத்தை சும்மா இருப்பாளா? என் புத்தகங்களையெல்லாம் ஒரு கைலியில் கட்டி எடுத்துப்போய், எண்ணிப் பார்த்துப் பள்ளியில் ஒப்படைத்துவிட்டு வந்தாள். "ஒன்னுகூடக் கொறையல" என்று என் நெற்றியைத் தொட்டுச் சொன்னாள்.

தலைக்குத் தண்ணீர் ஊற்றிய மறுநாள் எழுந்து ஓடினேன். பள்ளிக்குப் பூட்டுப் போட்டிருந்தது. கம்பி வலை வழியாகப் பார்த்தேன். கண்ணாடி அலமாரிக்குள் கணக்குப் புத்தகங்கள் அடுக்கியிருந்தன, எல்லாம் பழுப்பு அட்டை. பள்ளித் தோட்டக்காரர் புல் வெட்டிக்கொண்டிருந்தார்.

"என்னா பாப்பா? இனிமே ஜனவரிலதான். சாவி பெரிய வாத்தியாருகிட்ட" என்றார்.

இந்த இடத்தில்தான் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். அப்பாவிடம் ஓடிப்போய் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், பெரிய வாத்தியாரைத் தேடிப் பிடித்து அலமாரியைத் திறக்க வைத்திருப்பார். நான் சொல்லவில்லை. பயம். அம்மா ஒப்படைத்ததை நானே தொலைத்தேன் என்று எப்படிச் சொல்வது? வீட்டுக்கு வந்து பாயில் படுத்துக்கொண்டேன். உடம்பு முடியவில்லை என்று நினைத்துக்கொண்டார்கள்.

அடுத்த வாரம் ஆஸ்பத்திரியிலிருந்து அம்மாவைக் கூட்டிப்போகலாம் என்று சொல்லிவிட்டார்கள். அப்பா புதுச் சட்டையை மடித்து வைத்துவிட்டு, சாமி படத்துக்குப் பின்னால் கையை விட்டார். படத்தை இறக்கினார். பெட்டியைக் கவிழ்த்தார், பாயை உதறினார், அரிசியைக் கொட்டிப் பார்த்தார். பிறகு அத்தையைப் பார்த்தார்.

"நீ எடுத்தியா?"

"அண்ணே, கேட்டேந்தான். இல்லேங்கல. எடுக்கலண்ணே."

"நீ கேட்ட. இப்ப காணும்."

அத்தை அழவில்லை. மூட்டையைக் கட்டினாள். போகிறதற்கு முன் என் முதுகில் அம்மைத் தழும்புகளுக்கு எண்ணெய் தடவிவிட்டுத்தான் போனாள். "சொறியாத, வடு விழுந்துரும்" என்றாள். நான் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். அன்றைக்கு அந்த வீட்டில் என்னோடு பேச மிச்சமிருந்த ஒரே வாயையும் நான்தான் அனுப்பிவைத்தேன்.

சீட்டு இல்லாவிட்டால் போலீசில் எழுதிக்கொடுத்து, கோர்ட்டில் சத்தியம் செய்து தாள் வாங்கி வர வேண்டும் என்று தவுக்கே சொன்னாராம். அப்பாவுக்குத் தமிழில் கையெழுத்து மட்டும் போடத் தெரியும். போலீஸ் ஸ்டேஷன் படியில் இரண்டு நாள் ஏறி இறங்கிவிட்டு, எழுத்து வேலை தெரிந்த தோட்டத்துக் கிராணி லீவில் இருந்து வரட்டும், கூட்டிக்கொண்டு போகலாம் என்று காத்திருந்தார். தாள் கைக்கு வந்தபோது கெடு முடிந்து நாலு நாள்.

அன்றைக்கும் என்னைக் கூட்டிப்போனார். தவுக்கே புத்தகத்தைப் புரட்டினார், குழாய்க் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். பெரிய தொகைக்கு வைத்திருந்தால் லேலோங்குக்குப் போகும், ஏலத்துக்கு நாள் ஆகும், அதற்குள் நீ வந்து எடுத்திருக்கலாம், ஏலம் போனாலும் மிச்சப் பணம் உனக்கு வரும் என்றார். சின்னத் தொகை என்றால் கெடு முடிந்த அன்றே சாமான் கடைக்குச் சொந்தம். உருக்க அனுப்பியாகிவிட்டது. "நான் அன்றைக்கே கூட வாங்கு என்றேனே" என்று கடைசியில் மெதுவாகச் சொன்னார். அவரைக் கெட்டவர் என்று நான் எப்படிச் சொல்ல?

அப்பா மேடையின் பலகையைப் பிடித்துக்கொண்டே நின்றார். விரல்கள் மட்டும் மேலே இருந்தன. பின்னால் ஒரு சீனப் பாட்டி கைக்கடிகாரத்தோடு காத்துக்கொண்டிருந்தார். "அப்பா, போலாம்" என்றேன்.

அம்மா வந்தார். ஈர்க்குச்சியோடுதான் வந்தார். பஸ்ஸை விட்டு இறங்கி, ஈப்போ சடக்கில் நின்று, பஜாக் கடை இருக்கும் பக்கம் திரும்பினார்.

"அங்கன போவ வேணாம்" என்றார் அப்பா. "தோடு மூழ்கிப் போச்சு."

"எப்படி?"

"பணம் தேவைப்பட்டுச்சு. மேல மேல வாங்கிட்டேன். கட்ட முடியல."

வாழ்நாளில் அப்பா சொல்லி நான் கேட்ட ஒரே பொய். அத்தை பேரை அவர் எடுக்கவே இல்லை. அம்மா அவரை ஒரு தடவை பார்த்தார். அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டு அடுத்த பஸ்ஸில் ஏறினார். அதற்குப் பிறகு அம்மா தன் சம்பளத்தை அப்பா கையில் கொடுத்ததே இல்லை. சமைத்தார், பரிமாறினார், வெட்டுக்குப் போனார். அப்பாவோடு தேவைக்கு மேல் ஒரு பேச்சு இல்லை. ஈர்க்கு விழுந்தால் வேறு ஒடித்துப் போட்டுக்கொள்வார்.

இன்னொன்றும் நினைவிருக்கிறது. சீனப் பெருநாள் சமயம் அப்பா ஒரு பை நிறைய ஆரஞ்சு வாங்கிக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல், தனியாகப் பாகான் டத்தோவுக்கு, அத்தை வீட்டுக்குப் போய்வந்தார். எதற்கு என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

விளங்க ஒன்பது வருடம் ஆயிற்று. தோட்டத்தை விற்று, லயத்தைக் காலி பண்ணச் சொன்னார்கள். நான் அப்போது கமுந்திங்கில் ஃபேக்டரி வேலை. லீவு போட்டுவிட்டுச் சாமான் கட்ட வந்தேன். சாமி படத்தை இறக்கித் துடைக்கும்போது பின்பக்கத்து அட்டை கழன்றது. உள்ளே நான்காக மடித்த இளஞ்சிவப்புத் தாள். அதோடு ஒட்டிக்கொண்டு ஒரு துண்டு பழுப்புத்தாள், காய்ந்த சோற்றுப் பருக்கை, என் பெயர், என் வகுப்பு.

அப்பா வாசலில் கயிறு திரித்துக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

"பள்ளிக்கூடத்துத் தோட்டக்காரரு குடுத்தாரு. அந்தத் தையில. அட்டையக் கிழிச்சி எரிக்கறப்ப கெடைச்சிச்சாம்."

"அப்பா, அம்மாகிட்ட சொல்லிடறேம்பா."

"வேணாம்."

"இத்தினி வருசமா அம்மா ஒங்கள..."

"எம்மேல கோவம்னா அவளுக்கு ஒன்னும் ஆவாதும்மா. கோவத்துலயே எந்திரிச்சி வேலைக்குப் போறா, சோறாக்குறா. ஒம்மேலன்னா அவ தாங்க மாட்டா. மறுபடி கொழாயடியில போயி உக்காந்துருவா. எனக்கு அவ வீட்ல இருந்தா போதும்." கயிற்றின் முனையை முடிச்சுப் போட்டார். "எடுத்த எடத்துலயே வச்சிரு."

வைத்துவிட்டேன். அவர் சொன்னது அம்மாவுக்கு நல்லதாக இருந்திருக்கலாம். எனக்குச் சுலபமாக இருந்தது. அதுதான் உண்மை.

அடுத்த வருடப் போனஸில் அம்மாவுக்கு ஏழு கல் தோடு வாங்கினேன். ஈர்க்கை உருவிப் போட்டுவிட்டு அன்றைக்கே மாட்டிக்கொண்டார். புது வீட்டுக்கு யார் வந்தாலும் காதைத் திருப்பிக் காட்டுவார். "இந்த ஆளு முழுங்கிட்டாரு. எம்மவ வாங்கிப் போட்டா" என்பார். அப்பா பக்கத்து நாற்காலியில் நகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நான் தேத்தண்ணி எடுத்துவந்து எல்லாருக்கும் வைப்பேன். இருபது வருடத்துக்கு மேல் இப்படி. முதலில் அப்பா போனார். சவத்துக்கு வந்தவர்களிடமும் அம்மா அதைச் சொன்னார். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. பிறகு அம்மாவும் போனார். அத்தை எப்போதோ போய்விட்டாள். இனி நான் சொல்லலாம். யாரிடம் சொல்வது? அதனால்தான் உங்களிடம்.

போன வாரம் நான் வைத்தது அந்தத் தோட்டைத்தான். ஆப்பரேஷன் செவ்வாய்க்கிழமை. மகன் போன் செய்தான், சீட்டைப் பத்திரமாக வைத்தாயா, எங்கே வைத்தாய் என்று கேட்டான். வீட்டில்தான் என்றேன். அப்பா போட்டோவுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். யார் வந்து கேட்டாலும் சொல்லமாட்டார்.